ஞாயிற்றுக்கிழமைக்கு வராத வசனம்

2023 டிசம்பர் 17, திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. எங்கள் பங்கில் அன்று பதிலுரைப் பாடல் வாசிக்கும் முறை எனக்கு. வழக்கமாக அந்த இடத்தில் ஏதாவதொரு திருப்பாடல் வரும். மூன்றாண்டுச் சுழற்சியின் இரண்டாம் ஆண்டில் மட்டும் அந்த ஞாயிறன்று திருப்பாடலுக்குப் பதிலாக மரியாவின் பாடல் வருகிறது. முந்தின இரவு பயறு வறுத்து முடித்து, முந்திரிக்கொத்துக்குக் காய்ச்சிய பாகு ஆறுகிற நேரத்தில், கைபேசியில் படமெடுத்து வைத்திருந்த வாசகப் பக்கத்தைப் பார்த்தேன். தலைப்புக்கு அடியில் வசன எண்கள்: லூக்கா 1: 46-48, 49-50, 53-54.

51, 52 இல்லை. விவிலியத்தை எடுத்துப் பார்த்தேன். செருக்கு மிகுந்தவர்கள் சிதறிப்போவதும், ஆள்கிறவர்கள் இருக்கையிலிருந்து கீழே தள்ளப்படுவதும், கீழே கிடந்தவர்கள் மேலே வருவதும் அந்த இரண்டு வசனங்களில்தான் இருக்கின்றன.

மறுநாள் காலை தாளில் இருந்ததை அப்படியே வாசித்துவிட்டு இறங்கினேன். அன்றைய நற்செய்தி திருமுழுக்கு யோவானைப் பற்றியது, மறையுரையும் அவரைப் பற்றியே. பாடலைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டு வசனம் விடுபட்டதற்கு ஒரு கட்டுரையா என்று கேட்கலாம். நம்மில் பெரும்பாலான கத்தோலிக்கப் பெண்களுக்குத் தெரிந்த விவிலியம் ஞாயிறு காதில் விழுகிற விவிலியம்தான். எதை எந்த நாளில் வாசிப்பது என்ற அட்டவணை, இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1969இல் ரோமிலிருந்து வந்தது. வேலை, வீடு, பிள்ளைகள் என்று ஓடுகிறவள் உட்கார்ந்து லூக்காவை முதலிலிருந்து கடைசி வரை படிக்கப்போவதில்லை. அவளுக்கு அட்டவணைதான் நற்செய்தி. அதனால் அதையும் ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிக்கத்தான் வேண்டும்.

விடுபட்ட வசனங்கள் கோவிலில் ஒலிப்பதே இல்லை என்றும் சொல்ல முடியாது. மே 31 அன்றும் ஆகஸ்ட் 15 அன்றும் பாடல் முழுதாக வருகிறது. ஆகஸ்ட் 15 நமக்குக் கொடியேற்ற நாளும்கூட, மறையுரையில் விடுதலை என்ற சொல் தாராளமாகப் புழங்கும். ஆனால் அன்றைய விழா மரியா விண்ணேற்றம் அடைந்ததற்கு. வயிற்றுப்பிள்ளையோடு நிற்கும் ஒரு ஏழைப்பெண்ணின் பாட்டாக அன்று அது காதில் விழுவதில்லை. திருவருகைக் காலத்துக்குள் பாடல் முழுமையாக வருவது டிசம்பர் 22 அன்று, வாரநாள் திருப்பலியில். அன்றைய பதிலுரைப் பாடலும் ஒரு பெண்ணுடையது, சாமுவேலின் தாய் அன்னாவின் பாடல். ஒரே காலையில் இரண்டு பெண்கள் பாடுகிறார்கள். கேட்பதற்குக் கோவிலில் இருப்பவர்கள் கன்னியர்களும் பத்துப் பதினைந்து பாட்டிகளும். மற்ற பெண்கள் அந்த நேரத்தில் எங்கே நிற்பார்கள் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

2024இல் இதுவும் போயிற்று. அந்த டிசம்பர் 22 ஞாயிறாக அமைந்தது. ஞாயிறுக்குரிய நற்செய்தி லூக்கா 1: 39-45. எலிசபெத்து வாழ்த்தி முடிப்பது 45இல். மரியா வாய் திறப்பது 46இல்.

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பதிலுரைப் பாடல்கள் சுருக்கப்படுவது வழக்கம்தான், யாரோ உட்கார்ந்து சதி செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. 53ஆம் வசனத்தை வைத்திருக்கிறார்களே, அதில் பசித்தவர்கள் நிறைவதும் செல்வர்கள் வெறுங்கையோடு போவதும் இருக்கிறதே என்றும் சொல்லலாம். எனக்கு உறுத்துவது அங்கேதான். பசி வைத்துக்கொள்ளத் தக்கதாக இருந்திருக்கிறது, அரியணை இருந்திருக்கவில்லை. டிசம்பரில் ஏழைகளுக்குச் சேலையும் அரிசியும் கொடுக்காத பங்கு எது? பசித்தவருக்குக் கொடுக்க மேடையும் நாற்காலியும் இருந்த இடத்திலேயே இருக்கலாம். 52க்கு நாற்காலி அசையவேண்டும்.

அடுத்த ஞாயிறு, டிசம்பர் 24, நான்காம் ஞாயிறு. வானதூதர் மரியாவிடம் வரும் பகுதி வாசிக்கப்பட்டது. மரியா தன்னை ஆண்டவரின் அடிமை என்று சொல்வதோடு அது முடிகிறது. மறையுரையின் பொருள் தாழ்ச்சி. மரியாவைப் போலப் பெண்கள் தாழ்ச்சியும் பொறுமையும் கொண்டு காத்திருந்தால் குடும்பம் குடிலாகும் என்றார் குரு. ஒவ்வொரு டிசம்பரும் கேட்பதுதான்.

தாழ்ச்சி என்ற இந்தச் சொல் எங்கிருந்து வருகிறது? 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு, பாடலின் 48ஆம் வசனத்தில், கடவுள் கண்ணோக்கியது மரியாவின் 'தாழ்நிலை'யை என்கிறது. தாழ்நிலை வேறு, தாழ்ச்சி வேறு. தாழ்ச்சி ஒரு நற்குணம், நாமே வளர்த்துக்கொள்வது. தாழ்நிலையில் பிறர் நம்மை வைக்கிறார்கள். லூக்கா எழுதிய கிரேக்கச் சொல்லும் பிள்ளையில்லை என்று இழிவுபடுத்தப்பட்ட அன்னா தன் நிலையைச் சொல்லி அழும் இடத்தில், பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் வருகிற அதே சொல்தான். சீர்திருத்த சபைகள் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் 'தாழ்மை' என்று இருப்பதால் அங்கே இரண்டும் கலந்துபோக வழி உண்டு. நம் மொழிபெயர்ப்பாளர்கள் சரியான சொல்லைக் கையில் கொடுத்திருந்தும், மேடைக்கு ஏறும்போது அது தாழ்ச்சியாக மாறிவிடுகிறது. கல்லறையில் சாதிக்கொரு பகுதி பிரித்த கிறித்தவ ஊர்கள் உள்ள நாட்டில் இந்த மாற்றம் சின்ன விஷயமல்ல. கீழே வைக்கப்பட்டவளிடம் போய், கீழே இருப்பது உன் நற்குணம் என்று சொல்வதாகிறது.

காத்திருப்பைப் பற்றியும் ஒன்று. தண்ணீருக்கும், பேருந்துக்கும், வெளிநாடு போனவனின் போனுக்கும் காத்திருக்கிறவளுக்கு அதில் பயிற்சி தேவையில்லை. லூக்காவின் மரியா சேதி கேட்டதும் உட்கார்ந்து காத்திருக்கவில்லை. விரைந்து கிளம்பி மலைநாட்டுக்குப் போகிறாள், மூன்று மாதம் போலத் தங்குகிறாள். அவள் போய்ச் சேர்ந்த வீட்டில் ஒரு குருவும் இருக்கிறார், செக்கரியா. வானதூதரை நம்பாததால் அவருக்குப் பேச்சு நின்றுபோயிருக்கிறது. குரு ஊமையாக இருக்கும் வீட்டில் இரண்டு பெண்கள் பேசுகிறார்கள், அதில் ஒருத்தி பாடுகிறாள். இதை வைத்து ஒரு மறையுரை கேட்க எனக்கு ஆசை. ஆனால் திருச்சபைச் சட்டத்தின் 767ஆம் பிரிவின்படி திருப்பலியில் மறையுரை ஆற்றுவது குருவும் திருத்தொண்டரும் மட்டுமே. வாசகர் பணியை முறைப்படி பெண்களுக்கும் திறந்து 2021 ஜனவரியில் போப் பிரான்சிஸ் ஆணையிட்டார். வாசிக்கலாம், விளக்கக் கூடாது.

அன்றாடச் செபத்திலும் இதே பங்கீடுதான். மூவேளை செபத்தில் காலை, நண்பகல், மாலை என்று மூன்று முறை அடிமை என்ற சொல் நம் வீடுகளில் ஒலிக்கிறது. மரியாவின் பாடலோ குருக்களும் கன்னியர்களும் சொல்லும் மாலைப் புகழில் தினமும் வருகிறது. வீட்டுக்கு அடிமை, மடத்துக்கு அரியணை. இப்படி எழுதி வைத்துவிட்டுத்தான் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்.

அம்மா கொத்து பிடித்துக்கொண்டே கேட்டாள். "அத நாங்க டெய்லி சொல்லுவோமே" என்றாள். முப்பது வருடமாக அவள் மரியாயின் சேனையில் இருக்கிறாள். சேனை உறுப்பினர்கள் நாள்தோறும் சொல்லவேண்டிய செபம் மரியாவின் பாடலேதான், 51, 52 உட்பட. எனக்கு அது தெரியாது. அவள் முணுமுணுப்பதை ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன், என்ன சொல்கிறாள் என்று ஒருநாளும் நின்று கேட்டதில்லை. மாவுக் கையோடு மனப்பாடமாக ஒப்பித்தாள், ஒரு சொல் தவறவில்லை.

அந்த அரியணை வசனம் வரும்போது என்ன நினைப்பீங்க என்று கேட்டேன்.

"யாரையாவது நெனைக்காம சொல்ல முடியுமா?" என்றாள். யாரை என்று சொல்லவில்லை.

என் வாக்கியத்தை அடித்துவிட்டேன். பாடல் பெண்களின் வாயிலிருந்து எடுக்கப்படவில்லை, வாரம் ஒருமுறை சேனைக் கூட்டத்திலும் தினமும் அடுக்களையிலும் அது முழுதாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. நாற்காலியில் இருப்பவர்களும் வந்து உட்காருகிற ஞாயிறு திருப்பலியில்தான், டிசம்பரில், அது கேட்காமல் போகிறது.

2026 டிசம்பர் 13, மறுபடியும் இரண்டாம் ஆண்டின் மூன்றாம் ஞாயிறு. வாசகர் பட்டியல் போடுகிறவரிடம் அன்றைய பதிலுரைப் பாடலுக்கு இப்போதே பெயர் கொடுத்திருக்கிறேன். அட்டவணையில் இல்லாததைச் சேர்த்து வாசிக்க முறையில்லை என்று அம்மாவிடம் சொன்னேன்.

"வாசிச்சுப் பாரு மக்களே" என்றாள். "யாரெல்லாம் கவனிக்காவன்னு தெரியுமில்லா."