இலக்கக் கணக்குகளும் எழுதப்படாத நிபந்தனையும்

அட்சரகணித நூல்களில் ஒருங்கமை சமன்பாடுகளைக் கற்பிக்கும் அதிகாரத்தை அடுத்து, இலக்கங்களைப் பற்றிய கணக்குகள் சில இடம்பெறுதல் மரபு. ஹோல், நைற் என்னும் ஆசிரியர் இருவர் 1885 இல் வெளியிட்ட புகழ்பெற்ற பாடநூலிலும் இவை உள. ஈரிலக்க எண்ணொன்றின் இலக்கங்களைப் பற்றி இரண்டு செய்திகளைக் கூறி, அவ்வெண் யாதென வினாவுவதே இவற்றின் இயல்பு. வாழ்க்கைக்கு உதவாத வெறும் புதிர்களென இவற்றை இகழ்வாரும் உளர். பரீட்சையிற் புள்ளிபெற எளிய வழியெனப் புகழ்வாரும் உளர். இரு சாராரும் இவற்றின் உண்மைப் பயனைக் கண்டிலர்.

எடுத்துக்காட்டாக ஒன்றை நோக்குதல் தகும். ஓரெண்ணின் இலக்கங்களின் கூட்டுத்தொகை 9. அவ்வெண்ணுடன் 27 ஐக் கூட்டினால் இலக்கங்கள் இடம்மாறும். பத்தினிடத்து இலக்கத்தை ப எனவும், ஒன்றினிடத்து இலக்கத்தை ஒ எனவும் கொண்டால், கிடைக்கும் சமன்பாடுகள் இவை:

ப + ஒ = 9
10ப + ஒ + 27 = 10ஒ + ப

இரண்டாவது சமன்பாடு சுருங்கி ஒ − ப = 3 என்றாகும். இவற்றைக் கூட்ட 2ஒ = 12; ஆகவே ஒ = 6, ப = 3. எண் 36 ஆகும். 36 உம் 27 உம் சேர்ந்து 63 ஆதலின் விடை சரியே.

இங்குத் தீர்க்கும் வேலை சிறிது. சமன்பாட்டை அமைக்கும் வேலையே பெரிது. எண்ணை 10ப + ஒ என எழுதாது பஒ என எழுதும் மாணவன், இலக்கங்களை அடுத்தடுத்து வைத்தலையும் பெருக்குதலையும் ஒன்றெனக் கருதி இடர்ப்படுகின்றான். அவனுக்குச் சூத்திரத்தை மனனஞ் செய்வித்தலிற் பயனில்லை. பழந்தமிழ் எண்குறி முறை இவ்விடத்து நல்லாசிரியனாய் உதவும். அம்முறையில் 36 என்பது ௩௰௬ எனவும், 63 என்பது ௬௰௩ எனவும் எழுதப்படும். நடுவிலுள்ள பத்தின் குறி அசையாது நிற்க, இருபுறத்து எண்களே இடம்மாறுகின்றன. ‘முப்பத்தாறு’ என்ற சொல்லிலும் மூன்று, பத்து, ஆறு என்னும் மூன்றும் அடங்கியுள்ளன. சமன்பாடு கூறுவதை நாவும் நாடோறும் கூறுகின்றது.

இனி, இக்கணக்குகளை ஆக்குவோர்பால் நேரும் குறைகளை ஆராய்தல் வேண்டும். கூட்டுத்தொகை 9 எனக் கூறி, எண்ணிலிருந்து பத்தினிடத்து இலக்கத்தின் ஒன்பது மடங்கைக் கழிக்க 9 எஞ்சும் என்று மற்றொரு செய்தியையும் கூறினால், 10ப + ஒ − 9ப = 9 என்பது ப + ஒ = 9 என்றே முடியும். செய்தி இரண்டு, சமன்பாடோ ஒன்று. 18 முதல் 90 வரையுள்ள 9 இன் மடங்குகள் ஒன்பதும் விடையாகும். கூற்றுக்களை எண்ணுதல் வேறு, சமன்பாடுகளை எண்ணுதல் வேறு என்பதற்கு இது சான்று.

முதற்கணக்கிற் கூட்டுத்தொகையை 8 என மாற்றினால் ப = 2½, ஒ = 5½ எனப் பெறப்படும். சமன்பாடுகள் இரண்டும் இப்பெறுமானங்களை ஏற்கின்றன. செய்கையில் யாதொரு பிழையுமில்லை. எனினும் பின்னம் இலக்கமாகாது. ஆதலின் இக்கணக்கிற்கு விடையில்லை என்பதே சரியான விடை.

மறுதலையாக, ஓரெண் தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையைப் போல் எட்டு மடங்கு என்ற ஒரு செய்தியை மாத்திரம் கொள்க. 10ப + ஒ = 8ப + 8ஒ; எனவே 2ப = 7ஒ. தெரியாக்கணியம் இரண்டிருப்பின் சமன்பாடும் இரண்டு வேண்டும் என்ற விதியை மட்டும் கற்றவன் இங்குத் திகைத்து நிற்பான். ஆனால் ப, ஒ ஆகியன இலக்கங்களாதலின் ப = 7, ஒ = 2 என்பதொன்றே பொருந்தும்; எண் 72. எட்டுக்குப் பதிலாக ஏழு மடங்கு என்றாலோ ப = 2ஒ ஆகி, 21, 42, 63, 84 என நான்கு விடைகள் தோன்றும்.

இம்மூன்று வகையினும் விடையைத் தீர்மானிப்பது எழுதப்படாத நிபந்தனையொன்றாம். ப என்பது 1 முதல் 9 வரையும், ஒ என்பது 0 முதல் 9 வரையும் உள்ள முழுவெண்களுள் ஒன்றாதல் வேண்டும் என்பதே அது. சமன்பாட்டைத் தீர்க்கும் செய்கை இதனை அறியாது, அறிதற்குரியவன் மாணவனே. எப்பொழுதும் ஒரேயொரு விடை தரும் கணக்குகளையே அளித்துவரின், அவன் இதனை நினைக்க நேராமலே பாடசாலையை விட்டு நீங்குவான்.

ஆகவே, விடையற்ற கணக்கொன்றையும் பல விடையுள்ள கணக்கொன்றையும் இடையிடையே சேர்த்தல் ஆசிரியர்க்குரிய கடன். பெற்ற பெறுமானத்தை முதற்கூற்றிற் பிரதியிட்டுப் பார்ப்பதோடு அமையாது, அது கேட்கப்பட்ட பொருளாதற்குத் தகுமோ என ஆராய்தல் மாணவர்க்குரிய கடன். அப்பயிற்சியை அளிக்கும்வரை இலக்கக் கணக்குகள் புதிர்களல்ல, சிந்தனைக்கு உரைகற்களாம்.