பிள்ளைக்காம்பராவின் சாவி

தெரணியகலை, யட்டியாந்தோட்டை, இறக்குவானைப் பக்கத்துத் தோட்டங்களில் வேலைக்குப் போகும் தாய் குழந்தையை விட்டுச்செல்லும் இடம் பிள்ளைக்காம்பரா. பலகையில் ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ என்றிருக்கும். அதை எப்போது திறப்பது, யாரை வேலைக்கு வைப்பது என்று முடிவெடுப்பவர்கள் யார்?

1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனபோது, நலத்திட்டங்களைக் கவனிக்க ஒரு நிதியமும் உருவானது. இன்று அது பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம். அரசு, கம்பனி, தொழிற்சங்கம் என மூன்று தரப்பும் அதில் உண்டு. அதைக் கம்பனிகளின் கண்துடைப்பு என்று தள்ளிவிடுவது நியாயமல்ல. ஆயாம்மா மட்டும் இருந்த இடத்துக்குப் பயிற்சி பெற்ற உத்தியோகத்தர் வந்தது மெய்யான முன்னேற்றம். ஆனால் தாய்மாருக்கென்று அங்கே தனி நாற்காலி இல்லை. “நாங்கள்தான் அவர்களின் பிரதிநிதிகள்” என்பார்கள் சங்கத்தார். சம்பளப் பேச்சில் சரி; பிள்ளைக்காம்பரா விஷயத்தில் அது போதாது. றப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டு விடியலிலேயே தொடங்கிவிடும். பிள்ளைக்காம்பராவின் நேரம் தேயிலைப் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) மட்டும் பொருந்தினால் போதாது. இதைச் சொல்லத் தெரிந்தவள் பால் வெட்டுக்காரிதான்.

தோட்ட எல்லைக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகளை மாகாணத்திடம் கொடுத்தது. இந்தத் தோட்டங்கள் இருக்கும் சப்ரகமுவ மாகாணத்தின் சபையோ 2017இல் கலைந்தபின் தேர்தலையே காணவில்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆவது பிரிவு, 2018இல் திருத்தப்படும்வரை, தோட்டத்துக்குச் சபைப் பணம் போகாமல் தடுத்தது. இதே அரசுதான் 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கையைக் கட்டாயமாக்கி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய் வீட்டுவேலைக்கு வெளிநாடு போகக்கூடாது என்றது (2022இல் அது இரண்டு வயதானது). பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எதுவும் தராதவர்கள், தாய் போகலாமா என்று மட்டும் தீர்மானித்தார்கள்.

பிள்ளைகள் பற்றிய முடிவைச் சமூகத்திடமே விட்ட நாடும் உண்டு. கனடா 2019இல் பூர்வகுடிகளுக்குத் தம் பிள்ளைகளின் நலன்மீது சட்டமியற்றும் உரிமையை ஏற்றது; 2024இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அந்த வாதத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. இலங்கையில் பூர்வகுடி என்ற பெயர் வேடருக்குரியது. தோட்டத் தமிழரான நாம் வந்து இருநூறு ஆண்டு. அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று: அங்கே அரசு வீட்டுக்குள் புகுந்து பிள்ளைகளைப் பிடுங்கியது. இங்கே தொழிலாளரின் லயத்து (வரிசை வீட்டு) வாசல்வரைகூட அது வரவில்லை. நோய் வேறென்றால் மருந்தும் வேறுதான்.

ஆகவே என் தீர்ப்பு பாதிக்குப் பாதி. பிள்ளைக்காம்பராவின் நேரம், சாப்பாடு, ஆள் நியமனம் மூன்றும் தாய்மார் குழுவின் கையில் இருக்க வேண்டும். துஷ்பிரயோக முறைப்பாடுகள் அப்படியல்ல. சுவரோடு சுவர் ஒட்டிய லயத்தில் குற்றவாளி மாமனாகவோ தலைவரின் மச்சானாகவோ இருக்கலாம்; “நமக்குள்ளேயே பேசித் தீத்துக்குவோம்” என்ற பேச்சில் பிள்ளையின் குரல் அமுங்கிப்போகும். அது நீதிமன்றத்திடமும் நன்னடத்தை உத்தியோகத்தரிடமும்தான் இருக்க வேண்டும். அந்த உத்தியோகத்தருக்குத் தமிழ் தெரிந்திருக்கவும் வேண்டும்.

இதில் ஒரு பொறி உண்டு. ‘பொறுப்பு உங்களுடையது’ என்று சொல்லிக் கம்பனி செலவிலிருந்து கழன்றுகொள்ளலாம். சாவி மட்டும் கைமாறி நிதி மாறாவிட்டால், மழைக்குத் தகரம் ஒழுகும்போது தாய்மார் குழு மறுபடி துரையின் ஆபீசு வாசலில்தான் நிற்கும்.