வில்லும் வான்கோழியும்: நம் மரபின் கிளைகள், நம் தரம்

வெள்ளி விழா மலருக்கு மரபுவில் வேட்டையின் பரம்பரைகளைப் பற்றி எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். மூத்தவர்கள் இருக்க நான் எழுதுவதா என்று தயங்கினேன். மூத்தவர்களே என்னைக் கைகாட்டிவிட்டார்கள். ஆகவே கட்டுரையில் குறையிருந்தால் அதில் அவர்களுக்கும் பங்குண்டு.

உறுப்பினர்களுக்குத் தெரிந்த வரலாற்றை நீட்ட வேண்டியதில்லை. இஷியிடம் கற்ற டாக்டர் சாக்ஸ்டன் போப், அவருக்குத் துணையான ஆர்ட் யங், யங்கின் அலாஸ்கா படத்தை 1927இல் டெட்ராய்ட்டில் பார்த்து வில்லில் மனம் பறிகொடுத்த ஃபிரெட் பேர் என்று வருவது ஒரு கொடி. ரிகர்வ் வில்லைச் சாதாரண வேட்டைக்காரன் கைக்குக் கொண்டுவந்த புகழ் இந்தக் கொடிக்குரியது. அலபாமாவில் பிறந்த ஹோவர்ட் ஹில் தனிக் கொடி. நெடுவில்லை விட்டு அவர் இறங்கவே இல்லை. மூன்றாவதாக, ஓசேஜ் ஆரஞ்சு மரத்தை ஒற்றைத் துண்டாகச் செதுக்கி வில் செய்கிறவர்கள். நம் சங்கத்திலேயே அதில் கைதேர்ந்த பெரியவர்கள் இருக்கும்போது நான் வாய் திறப்பது முறையாகாது. அடுத்த மலரில் அவர்களே எழுதட்டும்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இந்த முன்னோர் புகழ் பெற்றது மானிலும் கரடியிலும் சிங்கத்திலும், வான்கோழியில் இல்லை. காரணம் எளிது. அவர்கள் காலத்தில் பறவையே அரிது. காடழிப்பும் கட்டற்ற வேட்டையும் சேர்ந்து 1930கள் வாக்கில் பல மாநிலங்களில் வான்கோழியை இல்லாமலே ஆக்கியிருந்தன. போப் வாழ்ந்த கலிபோர்னியாவுக்கோ அது வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட பறவை. பண்ணையில் வளர்த்துக் காட்டில் விட்டவை பிழைக்கவில்லை. 1950களில் பீரங்கி வலை வீசிக் காட்டுப் பறவைகளையே பிடித்து இடம் மாற்றத் தொடங்கிய பிறகுதான் கூட்டம் பெருகியது. 1961இல் தோன்றிய போப் அண்ட் யங் கழகத்தின் பதிவேட்டிலும் பெரிய விலங்குகளுக்கே இடம், பறவைக்கு இல்லை. ஆக, வான்கோழிக்கு வில்லெடுப்பவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று முன்னோர் எழுதிவைத்த விதி எதுவும் நம்மிடம் இல்லை. அதற்கான தரத்தை வகுத்தவர்கள் அடுத்த தலைமுறைக்காரர்கள்; அதுவும் வாய்மொழியாக.

குரல் கொடுக்கும் கலையைத் துப்பாக்கிக்காரர்களிடமிருந்து வாங்கினோம். மரப்பெட்டி, ஸ்லேட், வாய்க்குள் வைக்கும் சவ்வு எல்லாம் அவர்கள் தந்தவை. அதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. ஆனால் அவர்களுக்கு 40 கஜத்தில் வேலை முடிந்துவிடும். நமக்கு 15 கஜம். நம் கலை அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது.

என் ஆசான் ஹில் வழி வந்தவர். மூங்கில் பட்டைகளை ஒட்டிச் செய்த 68 அங்குல நெடுவில். அதைப் பயணப் பெட்டியின் கைப்பிடியைப் பிடிப்பதுபோல் பிடிப்பார். குறிபார்க்கக் கருவி கிடையாது. பென்சில்வேனிய மலைச்சரிவில், மே மாதத்தில், விடியுமுன்பே ஓக் மரம் ஒன்றின் நிழல்பக்கம் முதுகு சாய்த்து உட்கார்ந்துவிடுவார். மரம் தம் தோளைவிட அகலமாக இருக்க வேண்டும். அதில் விட்டுக்கொடுக்க மாட்டார். வில்லை நிமிர்த்திப் பிடிக்காமல் தொடைமேல் ஏறக்குறையப் படுக்க வைத்திருப்பார்.

கூப்பிட்ட குரலுக்குச் சேவல் வந்து நிற்பது பெரிதில்லை. அது தலையைத் திருப்பாமலே முக்கால் வட்டத்தைப் பார்க்கும் பறவை. நாண் பிடித்த கை ஓர் அங்குலம் நகர்ந்தாலும் ‘பட்’டென்று ஓர் எச்சரிக்கைக் குரல், பிறகு அந்தச் சரிவில் அன்றைக்கு வேலையில்லை. வாலை விசிறியாக விரித்துச் சேவல் மெல்லச் சுற்றும். சுற்றும்போது ஒரு கணம் அதன் முதுகு நம் பக்கம் வரும். விரிந்த வால் தலையை மறைக்கும். அந்தக் கணத்தில்தான் ஆசானின் கை அசையும். இழுப்பும் விடுப்பும் ஒரே ஓட்டம். குறி, வாலின் அடிநடு. சிலிர்த்து நிற்கும் அத்தனை இறகுக்குள்ளும் உயிர்நிலை கைமுட்டியளவுதான் என்பதை அவர் மறந்ததில்லை. வால் திரும்பாவிட்டால் வில்லைத் தூக்கவே மாட்டார். பறவை நடந்து போய்விடும். அதற்காக அவர் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

ரிகர்வ் எடுப்பவர்களில் பலர், பறவை அடிமரத்துக்குப் பின்னால் போகும்போது நாணை இழுத்து நிறுத்திக் காத்திருந்து எய்வார்கள். அதுவும் நேர்மையான வழிதான். என் ஆசான் இதை ஒப்புக்கொள்ள மாட்டார் என்பது வேறு விஷயம்.

இனி, சொல்லலாமா என்று யோசித்த ஒன்று. எவரையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. முழங்கால் ஒத்துழைக்காத மூத்தவர்களும், கூட வரும் குழந்தைகளும் துணிக்கூடாரத்துக்குள் உட்காருவதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் முப்பது வயது இளைஞருக்குக் கூடாரம் எதற்கு? திறந்த வயலில் நேற்று மாலை அடித்த கூடாரத்தை வான்கோழி பொருட்படுத்துவதில்லை. பக்கத்தில் வந்து மேயும். உள்ளே மடக்கு நாற்காலி, கறுப்புச் சட்டை, பிளாஸ்கில் காபி, கையில் செல்போன். நாணை நிதானமாக இழுத்து, பிடிக்காவிட்டால் தளர்த்தி, மறுபடி இழுக்கலாம். கண்ணில் படாமல் இழுப்பதே நம் கலை என்றால், அந்தக் கலையைத் துணியிடம் ஒப்படைத்தாயிற்று. இத்தோடு நின்றாலும் பரவாயில்லை. நெடுவில்லின் மேல்நுனி கூடாரத்தின் கூரையில் இடிக்கிறது. ஆகவே 54 அங்குல வில் வாங்குகிறார்கள். வில்லுக்கு ஏற்ற இடம் பார்த்த காலம் போய், இடத்துக்கு ஏற்ப வில்லைக் குறுக்கும் காலம்! இப்படியே போனால் வெள்ளி விழா கண்ட சங்கம் பொன்விழாக் காணும்போது கூடார வியாபாரிகள் சங்கமாக இருக்கும். ஆண்டு விருந்தில் கூடாரத்துப் பறவைக்கும் மரத்தடிப் பறவைக்கும் ஒரே கைதட்டல், ஒரே பட்டயம். இதைப் பொதுக்குழுவில் எழுப்பினேன். குறிப்பேட்டில் ஏறியது, அங்கேயே இருக்கிறது.

அம்புகளும் அப்படித்தான். பிளாஸ்டிக் இறகு ஒட்டிய அம்புகளைப் பெட்டியோடு வாங்கி வருகிறார்கள். நாம் வேட்டையாடும் பறவையே நமக்கு அம்பிறகு தருகிறது. வரியோடிய அதன் சிறகை நடுத்தண்டில் பிளந்து, தேய்த்து, மூன்றாக ஒட்டினால் ஓர் அம்பு. பிளாஸ்டிக் வில்லின் மேடையில் உரசி அம்பைத் தூக்கியடிக்கும். இறகு படிந்து வழிவிடும். இதை நம் பெரியவர்கள் தம் வீட்டுச் சமையலறை மேசையில் உட்காரவைத்து நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இன்று கற்றுக்கொள்ள வருவோர் குறைந்துவிட்டார்கள்.

செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம்: பதிவேட்டில் ‘கூடாரம்’, ‘வெளி’ என்று இரண்டு கட்டம் போடுங்கள். யாரையும் தள்ளிவைக்க வேண்டாம், எழுதிவைத்தால் போதும். உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இந்தப் பருவத்தில் எடுக்கும் பறவையின் சிறகுகளைக் குப்பையில் போடாதீர்கள். நீண்ட சிறகிறகுகளை மட்டும் உருவி, இடது வேறு, வலது வேறாகக் கட்டிக் கொண்டுவாருங்கள். ஒரே அம்பில் இரண்டையும் கலக்க முடியாது. ஒட்டும் சட்டமும் பசையும் என் வீட்டில் இருக்கின்றன.