கண்மாயும் வலையும்: மதுரைப் பக்கத்துப் பந்துவீச்சு

2018 ஆகஸ்டில் மதுரை பாந்தர்ஸ் அணி தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) கோப்பையை வென்றது. அந்த அணியின் சுழற்பந்து வீச்சாளர்களில் ஒருவர் வருண் சக்கரவர்த்தி. கட்டடக்கலை படித்து, அந்த வேலையையும் கொஞ்ச காலம் பார்த்துவிட்டு, இருபத்தைந்து வயதுக்கு மேல் கிரிக்கெட்டுக்குத் திரும்பியவர். பள்ளி நாட்களில் விக்கெட் கீப்பர், பிறகு மிதவேகம், முழங்காலில் அடிபட்ட பின்னரே சுழல். அந்தத் தொடரில் ஓவருக்கு ஐந்து ரன்கூடக் கொடுக்காமல் வீசினார். அதே ஆண்டு டிசம்பரில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை 8.4 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2025 சாம்பியன்ஸ் டிராபியில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ரன்னுக்கு 5 விக்கெட் சாய்த்தபோது, அந்தப் பழைய மதுரைச் சட்டையை நினைத்துக்கொண்டவர்கள் நம் ஊரில் பலர் இருந்திருப்பார்கள்.

வருண் மதுரைக்காரர் அல்லர். ஆனால் அவருடைய விரலைப் பழக்கியது டென்னிஸ் பந்து. நம் பிள்ளைகளுக்கும் முதல் பந்து அதுதான். ஆகவே, பந்துவீச்சைப் புதிதாகக் கற்கும் ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ இந்த ஊரில் என்ன வழி இருக்கிறது என்று கேட்டால், தமிழகத்தில் பந்துவீச்சு எப்படியெல்லாம் கற்பிக்கப்பட்டிருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மூத்தது சேப்பாக்கம் வழி. 1934 நவம்பர் 4-ஆம் தேதி ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் அங்கேதான் நடந்தது. முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன். ஏ.ஜி. ராம் சிங் 11 விக்கெட் எடுக்க, மைசூர் அணி ஒரே நாளில் தோற்றது. பின்னாளில் வி.வி. குமார், வெங்கட்ராகவன், பதினெட்டு வயதில் பம்பாய் டெஸ்ட்டில் இங்கிலாந்தின் 12 விக்கெட்டுகளைச் சாய்த்த சிவராமகிருஷ்ணன், 537 டெஸ்ட் விக்கெட்டுடன் 2024-ல் விடைபெற்ற அஸ்வின் என்று அந்த வரிசை நீளும். லீக் ஆட்டங்களில் நாள் முழுக்க வீசி, அடிவாங்கி, மறுநாளும் வந்து வீசிப் பெற்ற பொறுமை அந்த வழியின் அடையாளம். ஆறு பந்தையும் பேட்ஸ்மேன் விரும்பாத ஓரிடத்தில் போடத் தெரிந்தவனைத்தான் அது பந்துவீச்சாளன் என்று ஒப்புக்கொள்ளும்.

அடுத்தது 1987-ல் சென்னையில் டென்னிஸ் லில்லியை வைத்துத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். வேகப்பந்து அறக்கட்டளை. ஸ்ரீநாத்தும் ஜாகீர் கானும் அங்கே பயின்றார்கள். டெண்டுல்கர் வேகப்பந்து வீசக் கற்க வந்து, பேட்டிங்கைப் பார்த்துக்கொள் என்று திருப்பி அனுப்பப்பட்டதும் அங்கேதான். உடலைப் படம் பிடித்து, மூட்டு மூட்டாகப் பிரித்துப் பார்த்துத் திருத்தும் முறையை நம் நாட்டில் ஊன்றச் செய்ததில் அந்த நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

மூன்றாவது வழிக்குக் கட்டடம் இல்லை, பயிற்சியாளர் இல்லை. வைகையின் காய்ந்த மணல், தண்ணீர் வற்றிய கண்மாய், அறுவடை முடிந்த வயல் ஆகியவைதான் அதன் மைதானங்கள். ஞாயிற்றுக்கிழமை டோர்னமெண்ட், ஆறு அல்லது எட்டு ஓவர், நுழைவுக் கட்டணம், சுழற்கோப்பை. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி எங்கும் பந்துவீச்சு பிறப்பது இங்கேதான். இதன் தலைமகன் சேலம் மாவட்டச் சின்னப்பம்பட்டியின் நடராஜன். இருபது வயதை நெருங்கும்வரை அவர் கையில் டென்னிஸ் பந்துதான். 2016 டி.என்.பி.எல். சூப்பர் ஓவரில் திண்டுக்கல் அணிக்காக ஆறு பந்தையும் யார்க்கராகப் போட்டவர், 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வடிவ ஆட்டத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். அஸ்வினின் கேரம் பந்தும் தெருவிலிருந்து போனதே. சென்னை டென்னிஸ் பந்து ஆட்டக்காரர்கள் அதைச் சொடக்குப் பந்து என்றார்கள்.

கண்மாய் கற்றுக்கொடுப்பது என்ன? ஒவ்வொரு பந்தையும் தூக்கி அடிக்கவே நிற்கும் பேட்ஸ்மேனை எதிர்கொள்ளும் துணிச்சல், காலடியில் யார்க்கர், கையை மாற்றாமல் வேகத்தை மட்டும் குறைக்கும் தந்திரம். இவை அகாடமியில் பல மாதம் செலவிட்டாலும் எளிதில் கிடைக்காதவை.

அது கெடுப்பதும் உண்டு. டென்னிஸ் பந்தின் எடை 60 கிராமுக்குள். லெதர் பந்து 156 முதல் 163 கிராம், ஏறத்தாழ மூன்று மடங்கு. லேசான பந்தை வேகமாக அனுப்ப முழங்கையை மடக்கி எறிவது சுலபம். எறிந்தால் தெருவில் ‘மாங்கா’ என்று கத்துவார்கள், ஆனாலும் ஆட்டம் ஓடும். 2005 முதல் சர்வதேச விதி முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிர அனுமதிப்பதில்லை. நடராஜனே 2015-ல் முதல் ரஞ்சி ஆட்டத்துக்குப் பின் இந்தச் சந்தேகத்தில் சிக்கினார். ஆக்‌ஷனைத் திருத்திக்கொண்டு திரும்ப அவருக்கு நெடுநாள் ஆனது. இரண்டாவது குறை, ஓர் ஆட்டத்துக்கு இரண்டு ஓவர் வீசியே பழகிய உடம்பு. மூன்றாவது ஸ்பெல்லில் தோள் இறங்கிவிடும்.

இரண்டுக்கும் நடுவில் என் தீர்ப்பு இது: கண்மாய் தந்த கையை அப்படியே விட்டுவிடுங்கள், காலைத் திருத்துங்கள். இலங்கையின் காலி நகரில் மலிங்காவின் பக்கவாட்டுக் கையைப் பயிற்சியாளர் சம்பக ராமநாயக்க மாற்றச் சொல்லவில்லை. அதை அப்படியே வைத்துக்கொண்டு யார்க்கரைக் கூர்தீட்டினார். மணிக்கட்டும் விரலும் அவரவர் பிறவிச் சொத்து. கால், இடுப்பு, தலை ஆகியவற்றில்தான் பயிற்சியாளருக்கு வேலை.

கேமராவும் வலையும் இல்லாத ஊரிலும் இதைச் சோதிக்கலாம். கிரீஸில் செம்மண்ணை லேசாக நீர் தெளித்துச் சமப்படுத்துங்கள். பன்னிரண்டு பந்து வீசிவிட்டுக் குனிந்து தடத்தைப் பாருங்கள். முன்கால் விழுந்த இடம் ஒரே குழியாக இருந்தால் ரன்-அப் அமைந்துவிட்டது. தடங்கள் ஒரு முழத்துக்குச் சிதறியிருந்தால், லைன், லெங்த் பேச்சையெல்லாம் ஒத்திவைத்துவிட்டு ஓட்டத்தைச் சரிசெய்யுங்கள். கிரீஸிலிருந்து எதிர்த்திசையில் இயல்பாக ஓடி, தானாகக் குதிக்கத் தோன்றும் இடத்தை நண்பனைக் கொண்டு சுண்ணாம்பால் குறிக்கச் சொல்லுங்கள். அதுதான் உங்கள் தொடக்கப் புள்ளி. டி.வி.யில் பார்த்தவருடைய நீண்ட ஓட்டம் உங்களுக்கு எதற்கு?

பிறகு பின்கால் தடம். பாதம் கிரீஸுக்கு இணையாகப் பதிந்தால் பக்கவாட்டு ஆக்‌ஷன். விரல்நுனி பேட்ஸ்மேனைப் பார்த்தால் நேர்முக ஆக்‌ஷன். இரண்டும் நல்லவையே. பாதமும் இடுப்பும் நேரே பார்க்க, தோள் மட்டும் பக்கவாட்டில் திரும்பும் கலப்பு ஆக்‌ஷன்தான் ஆபத்து. வீசும் ஒவ்வொரு முறையும் கீழ்முதுகு முறுக்கப்பட்டு, எலும்பில் மயிரிழை விரிசல் விழலாம். 1973-ல் லில்லியின் ஆட்ட வாழ்வையே முடித்துவிடப் பார்த்தது அப்படிப்பட்ட முதுகு விரிசல்தான். தேறி வந்த அவர் ஆக்‌ஷனை மாற்றியமைத்துக்கொண்டார்.

பிடியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தையலின் இருபுறமும் இரு விரல், அடியில் கட்டைவிரலின் ஓரம், உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவே வெளிச்சம் தெரியும் அளவு இடைவெளி. வேகம் வீசுகிறவர்கள் ஒற்றை ஸ்டம்ப் நட்டு, அதிலிருந்து ஆறேழு மீட்டரில் ஒரு கைக்குட்டையை விரித்து அதில் போட்டுப் பழகலாம். சிறுவர்களுக்கு இன்னும் கிட்டே. சுழலுக்கு மட்டும் நான் முறையை மாற்றுவேன். முதல் ஆண்டில் பந்து எங்கே விழுந்தாலும் கவலைப்படாமல் சுழற்றட்டும். துல்லியம் பின்னால் வரும். துல்லியத்துக்காக விரலை அடக்கிப் பழகியவனிடம் சுழலைப் பின்னால் கொண்டுவருவது மிகக் கடினம்.

எந்த வகை என்பதையும் சீக்கிரம் முடிவு செய்துவிடக் கூடாது. வருணின் கதையை மேலே சொன்னேன். அஸ்வின் தொடக்க ஆட்டக்காரராகவும் மிதவேகமாகவும் இருந்தவர். 800 டெஸ்ட் விக்கெட் எடுத்த கண்டித் தமிழர் முரளிதரன், பள்ளியில் பதினான்கு வயதுவரை மிதவேகம். பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ சொன்ன பிறகே ஆஃப் ஸ்பின்.

மண்ணும் ஆசான்தான். திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் பந்து எழும்பாது, நின்று வரும். அங்கே வளர்ந்தவர் வேகத்தை மாற்றி வீசக் கற்பார். மேலூர், அழகர்கோவில் பக்கத்துச் செம்மண் இறுகினால் பந்து துள்ளும். அங்கே உயரமான கைக்கு லாபம். ஒரே மண்ணில் மட்டும் வீசியவர் வெளியூர் போனதும் தடுமாறுவார். ஆகவே இரண்டு பக்கமும் மாறி மாறி ஆட வேண்டும். நத்தம் மைதானம் டி.என்.பி.எல். ஆட்டங்களை நமக்குப் பக்கத்தில் கொண்டுவந்தது. 2025 அக்டோபரில் சிந்தாமணி பக்கம் வேலம்மாள் மைதானத்தைத் தோனி திறந்து வைத்தார். தரமான பிட்ச் இல்லை என்ற நம் பழைய குறைக்கு இனி அவ்வளவு இடமில்லை.

எனக்குக் கவலை வேறொன்று. நன்றாக வீசும் பையன் கிடைத்தால் காலையில் பள்ளி அணி, மதியம் கிளப், ஞாயிறன்று ஊர் டோர்னமெண்ட் என்று அவனைப் பிழிகிறோம். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியத்தின் வழிகாட்டுதல் 13 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளருக்கு ஒரு ஸ்பெல்லில் 5 ஓவர், ஒரு நாளில் 10 ஓவர் என்று வரம்பு கட்டியது. நம் பக்கத்தில் கணக்கு வைப்பவரே அரிது. பதினான்கு வயதில் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும் பிள்ளையை எந்தப் புது மைதானத்தாலும் மீட்க முடியாது.

கிளப் நடத்துபவர்களுக்கும் பள்ளி விளையாட்டு ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த சீசனில் ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி ஒரு நோட்டுப் போடுங்கள். வலையிலும் ஆட்டத்திலும் அவன் வீசிய பந்துகளை அன்றன்றே எழுதுங்கள். ஊர் டோர்னமெண்டில் எத்தனை ஓவர் வீசினான் என்பதையும் அவனிடமே கேட்டு, அதே பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.