அடிமேல் அடி

சண்டை வீடியோ விளையாட்டு என்றதும் முகம் சுளிப்போர் உண்டு. பொத்தான்களைக் கண்டபடி தட்டுவதில் என்ன திறமை என்று கேட்பார்கள். ‘காம்போ’ எனப்படும் தொடரடியைக் கூர்ந்து நோக்கினால் நீங்கள் அவ்வாறு கேட்கமாட்டீர்கள்.

ஜப்பானின் காப்காம் நிறுவனம் 1991-இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதன் திரையில் வினாடிக்குச் சுமார் 60 படங்கள் ஓடுகின்றன. அடிபட்டவன் சில படங்கள் வரை செயலற்று நிற்பான். அதற்குள் அடுத்த அடி விழுந்தால் அவனால் தடுக்க இயலாது. ஆனால் அடித்தவனும் நீட்டிய காலை மடக்க வேண்டுமே! இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. ரியூ என்னும் வீரன் குனிந்து உதைத்தவுடன் ‘ஹடோகென்’ என்ற ஒளிப்பந்துக்குரிய கட்டளையை இட்டால், கால் மடங்கும் படங்களைக் கணிப்பொறி விட்டுவிடுகிறது. பந்து உடனே புறப்படுகிறது. மிச்சமான நேரமே அடுத்த அடி.

இதனை எவரும் திட்டமிட்டுப் படைக்கவில்லை. மோட்டார் காரை உடைக்கும் கட்டத்தைச் சோதிக்கையில் தயாரிப்பாளர் நோரிடாகா ஃபுனாமிஸு இதைக் கவனித்தார். ஆடுவோர்க்கு மிகக் கடினம் என்று எண்ணி நீக்காமல் விட்டார். 1993-இல் வந்த ‘சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ அதே தொடரடிக்குப் புள்ளிகள் வழங்கியது!

கண்ணால் கண்டு கையசைக்க நமக்குச் சுமார் 0.2 வினாடி, அதாவது 12 படங்கள், ஆகின்றன. ஆகவே ஒவ்வோர் அடியையும் பார்த்தபின் அடுத்ததை முடிவு செய்ய நேரமில்லை. தட்டச்சுப் பழகியவர் எழுத்தைத் தேடியா அடிக்கிறார்? இதுவும் அத்தகைய பயிற்சியே.

இன்னொன்றும் எனக்குப் பிடித்தது. அடிபட்டவன் பின்னால் சறுக்குகிறான். சுவரோரம் நிற்பவனை அடித்தால் அடித்தவன் சறுக்குகிறான். (நியூட்டனின் மூன்றாம் விதிக்குப் பாதி மதிப்பெண் தரலாம்!) இதனால் இடைவெளி கூடிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் கை எட்டாமல் தொடர் தானே அறுகிறது.

இக்கட்டுப்பாடு தளர்ந்தால் ஆட்டம் கெடுகிறது. 2000-இல் வந்த ‘மார்வெல் வெர்சஸ் காப்காம் 2’ ஆட்டத்தில் அயர்ன் மேன், மேக்னீட்டோ ஆகியோரைக் கொண்டு முடிவற்ற தொடரடி தொடுக்கலாம். எதிராளி காசு கொடுத்து வேடிக்கை பார்ப்பவனாகிவிடுகிறான். இதைத் திறமை என்று போற்ற எனக்கு மனம் வரவில்லை.

இந்த வகையில் பிரிட்டனின் ரேர் நிறுவனம் 1994-இல் தந்த ‘கில்லர் இன்ஸ்டிங்க்ட்’ மேலானது. அதன் ‘அல்ட்ரா’ தொடரடி வெறும் ஆரவாரம்தான். ஆனால் அடிபடுபவன் தக்க தருணத்தில் தக்க கட்டளையிட்டு, எதிராளியின் தொடரை நடுவிலேயே முறித்துவிடலாம்.