ஆயிரம் பிரதிகளின் இரைச்சல்

காரேஜ் ராக், பங்க், சைக்கடெலிக் ராக் என்ற மூன்றுக்கும் தாய்வீடு சிறு லேபிள்கள். லேபிள் என்பது முதலில் இசைத்தட்டின் நடுவில் ஒட்டப்படும் வட்டக் காகிதம்தான்; அதில் அச்சாகும் பெயர் நாளடைவில் வெளியீட்டாளரையே குறிக்கத் தொடங்கியது. பெரிய நிறுவனத்தின் வட்டக் காகிதத்தைப் பார்த்துத் தட்டுக்குள் என்ன இருக்கும் என்று ஊகிக்க முடியாது. சிறு லேபிளில் முடியும். எந்தக் குழுவை எடுப்பது, எவ்வளவு இரைச்சலை விட்டுவைப்பது, உறை எப்படி இருக்கவேண்டும் என்பதையெல்லாம் அங்கே ஓரிருவர்தான் தீர்மானிக்கிறார்கள். பெயரே கேள்விப்படாத குழுவின் தட்டையும் லேபிளை நம்பி வாங்கும் பழக்கம் இந்த ரசிகர்களுக்கு இருப்பது அதனால்தான்.

7 அங்குலத் தட்டின் இயல்பும் இந்த இசையில் கலந்திருக்கிறது. நிமிடத்துக்கு 45 சுற்று சுழலும் அந்தத் தட்டில் ஒலி கூடக்கூட, ஊசி ஓடும் கோட்டின் நெளிவு அகலமாகும். அகலமான நெளிவு இடத்தைத் தின்னும். பாட்டு இரண்டு, மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டால் உரக்க வெட்டலாம்; நீண்டுகொண்டே போனால் ஒலி அடங்கிவிடும். குட்டைப் பாட்டுக்காரர்களுக்கு இது வாகாக அமைந்தது. செலவுக் கணக்கும் ஒரு காரணம். அரக்குப் பூசிய மூலத்தட்டில் கோடு வெட்டி, அதன்மேல் உலோகம் படியவைத்து அச்சுத் தகடு எடுப்பது வரைதான் பெரிய செலவு. பிறகு ஒவ்வொரு பிரதிக்கும் ஆகும் காசு குறைவு. இந்த லேபிள்களின் கதைகளில் 500, 1000 என்ற எண்கள் திரும்பத் திரும்ப வருவது அந்தக் கணக்கினால்.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள டகோமா நகரில், தி வெய்லர்ஸ் குழுவினர் 1961இல் தொடங்கியது எட்டிகெட் ரெக்கார்ட்ஸ். பெயருக்கு நன்னடத்தை என்று பொருள். பின்னால் அதில் வந்த தட்டுகளைக் கேட்டால் சிரிப்பு வரும். முதல் வெளியீடு ராக்கின் ராபின் ராபர்ட்ஸ் பாடிய ‘லூயி லூயி’. ரிச்சர்ட் பெரி 1957இல் வெளியிட்டபோது ஆடி அசைந்து போன பாட்டு, இங்கே முரட்டுத்தனம் ஏறி அந்த வட்டாரத்துப் பையன்களுக்கெல்லாம் பாலபாடம் ஆயிற்று. போர்ட்லண்டின் கிங்ஸ்மென் குழு 1963இல் இதே வடிவத்தைப் பின்பற்றிப் பதிவுசெய்தது பில்போர்டு பட்டியலில் 2ஆம் இடம்வரை போனது.

எட்டிகெட்டின் உச்சம் தி சானிக்ஸ். 1964இல் ‘தி விட்ச்’ சிங்கிள், 1965இல் ‘ஹியர் ஆர் தி சானிக்ஸ்’ ஆல்பம். இரண்டே தடங்கள் கொண்ட ஒலிநாடாக் கருவி. டிரம் தொகுதி முழுவதற்கும் ஒரே மைக். அந்த ஒற்றை மைக் தாங்கமுடியாமல் திணறுவது தட்டில் அப்படியே கேட்கிறது. ஜெர்ரி ராஸ்லியின் குரல் பாட்டிலிருந்து அலறலுக்கு எப்போது தாவும் என்று சொல்ல முடியாது. அடுத்த ஆல்பமான ‘பூம்’ பதிவின்போது, ஒலியை உறிஞ்சச் சுவரில் ஒட்டியிருந்த முட்டை அட்டைகளை அவர்கள் பிய்த்தெறிந்தார்கள், அறை அதிரவேண்டுமாம். வேறொரு லேபிளுக்காக ஹாலிவுட்டின் நல்ல ஒலிக்கூடத்தில் மூன்றாவது ஆல்பத்தைச் செய்தபோது ஒலி தெளிந்தது, காரம் போயிற்று. இந்த வகை இசையில் வசதி எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதை அறிய அந்த மூன்று ஆல்பங்களை வரிசையாகக் கேட்டால் போதும்.

சைக்கடெலிக் பக்கம் அதே இடத்தைப் பிடித்தது டெக்சாஸின் ஹூஸ்டன் நகரத்து இன்டர்நேஷனல் ஆர்ட்டிஸ்ட்ஸ். 13த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ் குழுவின் முதல் ஆல்பத்தை 1966இல் வெளியிட்டது இதுதான். ‘சைக்கடெலிக்’ என்ற சொல்லைத் தன் தலைப்பிலேயே ஏற்றிய முதல் சில ஆல்பங்களில் ஒன்று அது. ராக்கி எரிக்சனின் குரலுக்கும் கிதாருக்கும் பின்னால் விடாமல் குடுகுடுவென்று ஓடும் ஓசை டாமி ஹாலின் மண்ஜாடி. கடத்தைப் போல அதைத் தட்டுவதில்லை. ஜாடியின் வாயில் மைக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே குரல் கொடுப்பார்; சிலருக்கு அது எரிச்சல், பழகிவிட்டால் அது இல்லாத பாட்டு வெறுமையாகப்படும். அடுத்த ஆண்டு இதே லேபிள் ரெட் கிரயோலாவின் முதல் ஆல்பத்தையும் வெளியிட்டது. பாட்டுக்குப் பாட்டு இடையே நண்பர் கூட்டம் ஒன்று கையில் கிடைத்ததையெல்லாம் தட்டி, ஊதி, உருட்டும் ஆல்பம். எந்தப் பெரிய நிறுவனமும் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கும்.

அறுபதுகள் முடிந்ததும் இந்தத் தட்டுகள் பழைய சாமான் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. லென்னி கே என்ற விமர்சகர் அவற்றில் 27 பாடல்களைப் பொறுக்கி, 1972இல் எலெக்ட்ரா மூலம் ‘நக்கெட்ஸ்’ என்ற இரட்டைத் தட்டாகத் தொகுத்தார். தொகுப்போடு அவர் எழுதிய குறிப்பில் ‘பங்க் ராக்’ என்ற பெயர் இடம்பெற்றது. எலெக்ட்ரா அப்போது வார்னர் குடும்பத்துக்குள் போய்விட்டிருந்தது. சிறு லேபிள்களின் பெருமையை ஒரு பெரிய நிறுவனமே ஊருக்குச் சொன்ன வேடிக்கை அது. சிற்றிதழ் நடத்திவந்த கிரெக் ஷா, 1974இல் இதழின் பெயரிலேயே பாம்ப் லேபிளைத் தொடங்கி ஃபிளேமின் குரூவீஸின் சிங்கிளை வெளியிட்டார். ‘பெபிள்ஸ்’ தொகுப்பு வரிசையும் அவர் கைங்கரியம். நக்கெட்ஸ் என்றால் தங்கக்கட்டிகள், பெபிள்ஸ் என்றால் கூழாங்கற்கள். இன்னும் அடியில் தோண்டியவர் டிம் வாரன். 1983இல் அவருடைய கிரிப்ட் லேபிள் தொடங்கிய ‘பேக் ஃப்ரம் தி கிரேவ்’ வரிசையில், ஊர் எல்லையைத் தாண்டாத குழுக்களின் முரட்டுச் சிங்கிள்கள் கல்லறையிலிருந்து எழுந்து வருகின்றன. உறையிலும் எழுந்துவரும் பிணங்களின் கேலிச்சித்திரம்தான். மூன்றில் முதலில் கேட்கவேண்டியது நக்கெட்ஸ். கடைசிவரை கூட வருவது கிரிப்ட்.

பங்க் வந்தபோது வழி தெரிந்துவிட்டிருந்தது. பாட்டி ஸ்மித்தின் முதல் சிங்கிள் 1974இல் மெர் என்ற சொந்த லேபிளில் வந்தது. கிதார் வாசித்தவர் அதே லென்னி கே. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் தி செயின்ட்ஸ் 1976இல் ஃபேட்டல் என்ற சொந்த லேபிளில் தங்கள் சிங்கிளை 500 பிரதிகள் அடித்தார்கள். அதே ஆண்டு லண்டனில் தொடங்கிய ஸ்டிஃப், டாக்டர் ஃபீல்குட் பாடகர் லீ பிரில்லோ கொடுத்த 400 பவுண்டு கடனில் பிறந்தது. முதல் தட்டு நிக் லோவுடையது, வரிசை எண் ‘பை 1’, அதாவது ‘வாங்கு 1’. பிரிட்டனின் முதல் பங்க் சிங்கிளான தி டேம்ட் குழுவின் ‘நியூ ரோஸ்’ அந்த அக்டோபரில் இங்கேதான் வெளிவந்தது.

ஆனால் மற்றவர்களைத் துணியவைத்தது மான்செஸ்டரின் ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’. பஸ்காக்ஸ் குழு கடன் வாங்கிய 500 பவுண்டில் நான்கு பாடல்களை 1976 டிசம்பரில் ஒரே நாளில் பதிவுசெய்து, அடுத்த மாதம் நியூ ஹார்மோன்ஸ் என்ற தங்கள் லேபிளில் 1000 பிரதிகள் வெளியிட்டது. உறையின் பின்பக்கத்தில் ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது முயற்சி, பிறகு கிதார் சேர்க்கப்பட்டதா என்பதெல்லாம் அச்சாகியிருக்கிறது. சமையல்காரர் குழம்புக் கணக்கை வாசலில் எழுதி ஒட்டியது போல. ‘போர்டம்’ பாட்டின் கிதார் தனி வாசிப்பில் இரண்டே சுரங்கள், திரும்பத் திரும்ப. சலிப்பு என்ற தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமாக ஒருவர் வாசித்துவிட முடியாது. தட்டு 16,000 பிரதிகள்வரை விற்றது. அதை விற்ற கடைகளில் ஒன்றான லண்டனின் ரஃப் டிரேட், 1978இல் தானே லேபிள் ஆனது. பிறகு பல கடைகளை இணைத்து நாடெங்கும் தட்டு அனுப்பும் கூட்டமைப்பையும் கட்டியது.

அமெரிக்காவில் கறாரான ஒழுங்குக்குப் பேர்போனது வாஷிங்டனின் டிஸ்கார்ட். 1980இல் டீன் ஐடில்ஸ் குழு கலையும்போது கச்சேரிகளில் சேர்ந்திருந்த பணத்தைப் பிரித்துக்கொள்ளாமல், இயன் மெக்கேயும் ஜெஃப் நெல்சனும் அதில் ஒரு தட்டுப் போட்டார்கள். உறைகளைக் கத்தரித்து, மடித்து, பசை தடவி ஒட்டியது அவர்களும் நண்பர்களும். முன்பக்கத்தில் குறுக்காக மடித்த கைகள், புறங்கையில் பெருக்கல் குறி. வயது வராதவர்களுக்கு மது தரக்கூடாதென்று அரங்குகள் போட்ட அடையாளத்தை அவர்களே கொடியாக்கிக்கொண்டார்கள். டிஸ்கார்டில் எழுத்து ஒப்பந்தம் கிடையாது. செலவு போக வரும் லாபத்தில் குழுவுக்குப் பங்கு. வெளியூர்க் குழுக்களுக்கு இடமில்லை. கடைக்காரர் ஏற்றி விற்காதபடி தபால் செலவு உட்பட விலையை உறையிலேயே அச்சிட்டார்கள். டான் ஜியன்டாராவின் இன்னர் இயர் ஒலிக்கூடத்தில் பதிவான மைனர் த்ரெட், ஃபுகாசி குழுக்களின் தட்டுகளில் இந்தக் கறார் ஒலியாகவும் கேட்கிறது. மிகையான அலங்காரம் ஒரு துளி இல்லை.

கலிஃபோர்னியாவின் எஸ்எஸ்டி இதற்கு நேரெதிர் சுபாவம். கிரெக் ஜின் சிறுவயதில் அமெச்சூர் ரேடியோ உதிரிபாகங்களைத் தபாலில் விற்க வைத்திருந்த பெயர் அது. தன் குழுவான பிளாக் ஃபிளாக்கின் முதல் தட்டை வெளியிட அதே பெயர் உதவியது. உறைச் சித்திரங்கள் தம்பி ரேமண்ட் பெட்டிபானுடையவை. ஹஸ்கர் டூவின் ‘ஜென் ஆர்கேட்’, மினிட்மென்னின் ‘டபுள் நிக்கல்ஸ் ஆன் தி டைம்’ என்ற இரண்டு இரட்டை ஆல்பங்களும் 1984இல் இங்கே வெளிவந்தன. முன்னதன் செலவு 3,200 டாலர். இரண்டைத் தவிர மற்றப் பாடல்களெல்லாம் முதல் முயற்சியிலேயே பதிவானவை. ரசனையில் டிஸ்கார்டைவிட அகலமான லேபிள். கணக்கில் அந்தச் சுத்தம் இல்லை. ராயல்டிக்காகச் சில குழுக்கள் பின்னாளில் மல்லுக்கு நிற்கவேண்டி வந்தது.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் தட்டுக்கடை ஊழியராக இருந்த ரோஜர் ஷெப்பர்ட் 1981இல் தொடங்கிய ஃபிளையிங் நன், தூரத்தையே ஒலியாக மாற்றிய லேபிள். தி கிளீன் குழுவின் ‘டாலி ஹோ’ சுமார் 50 டாலர் செலவில் பதிவாகி நாட்டின் பட்டியலில் 19ஆம் இடம் பிடித்தது. தொடர்ந்து இசைக்கலைஞர் கிறிஸ் நாக்ஸ் தன் நான்கு தடக் கருவியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிவுசெய்த தட்டுகளில், அறுபதுகளின் கிதார் மணியோசையும் பங்கின் அவசரமும் ஒன்றாக ஓடுகின்றன. அடுத்த அறையில் யாரோ வாசிப்பது போன்ற அந்த மங்கல் டனீடன் நகரத்துக் குழுக்களுக்கு அடையாளமே ஆயிற்று. லேபிள் பல கை மாறியபின் 2009இல் ஷெப்பர்டே அதைத் திரும்ப வாங்கினார்.

சியாட்டிலின் சப் பாப் அரிதாக்கி விற்பதில் கெட்டிக்காரத்தனம் காட்டியது. மட்ஹனியின் முதல் சிங்கிள் 1988இல் காபிநிறத் தட்டில் 800 பிரதிகள். நிர்வாணாவின் முதல் சிங்கிள் எண்ணிட்ட 1000. பத்திரிகைக்குச் சந்தா கட்டுவதுபோல மாதச் சிங்கிளுக்குச் சந்தா. ஆட்டு மந்தையாக எல்லோரும் சியாட்டில் பக்கம் போனபோது, அருகிலிருந்த பெல்லிங்ஹாமில் டேவ் கிரைடரின் எஸ்ட்ரஸ், சானிக்ஸ் விட்ட இடத்திலிருந்து காரேஜைத் தொடர்ந்தது. ஆர்ட் சான்ட்ரி அதற்கு வரைந்த உறைகள் தனியே சேகரிக்கத்தக்கவை. மெம்ஃபிஸின் கோனர், ஜப்பானின் கிதார் உல்ஃப் குழுவின் காதைக் கிழிக்கும் ஆல்பத்தோடு 1993இல் பிறந்தது.

பில்லி மில்லர், மிரியம் லின்னா தம்பதி 1986 முதல் நியூயார்க்கில் நடத்திவந்த நார்ட்டன், மறக்கப்பட்ட பழைய முரடர்களைத் தேடி வெளியிட்ட லேபிள். 2012இல் சாண்டி புயல் வெள்ளம் ரெட் ஹூக்கிலிருந்த கிடங்குக்குள் புகுந்தது. வினைலைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. அட்டை உறைகள்தான் கூழாகிவிடும். ரசிகர்கள் திரண்டுவந்து, நனைந்த உறைகளைக் களைந்து, தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழுவிக் காயவைத்தார்கள்.