இருட்டு மூலையின் தந்தி

திருவிழா மேடையில் பேஸ் கிட்டார்காரர் நிற்பது பெரும்பாலும் டிரம்ஸுக்குப் பக்கத்து இருட்டில்தான். கைதட்டல் அதுவரை போவதில்லை. ஆனால் பாட்டின் நடுவே அவர் கையை எடுத்துவிட்டால், கால் பிடுங்கிய பந்தல் மாதிரி எல்லாம் தொய்ந்துவிடும். நான்கு தடித்த தந்திகள். அவற்றின் மேல் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி நடக்கின்றன. அந்த ஒலியைக் காது பிடிப்பதற்குள் நாம் உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகு அதிர்ந்துவிடுகிறது. எனக்கு அதைவிடப் பிடித்தது, அவர் ஒலியை நிறுத்தும் அழகு. இடது கை விரலை லேசாகத் தளர்த்துகிறார். சுரம் சட்டென்று அடங்குகிறது. அந்தச் சின்ன இடைவெளியில்தான் டிரம்ஸின் அடி வந்து உட்காருகிறது.

இந்தக் கை சும்மா வராது. மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரே சுரத்தை அரைமணி நேரம் வாசிப்பார்கள். வேகத்தில் பிசகை மறைத்துவிடலாம், இதில் முடியாது. பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இளையராஜா பாடல்களில் பேஸ் கலைஞர் சசிதரன் வாசித்ததைச் சுரம் சுரமாகக் காதால் பொறுக்குவார்கள். குரலுக்கு அடியில் இன்னொரு மெட்டே ஓடிக்கொண்டிருக்கும். கச்சேரிக்கு ஆள் சேர்ப்பவர்களும் வித்தைக்காரரைத் தேடுவதில்லை. மேடையிலேயே பாடகர் சுருதியை அரைக்கட்டை இறக்கச் சொன்னாலும் முகம் மாறாமல் வாசிப்பவருக்குத்தான் அடுத்த வாரமும் போன் போகிறது. அடுத்த கச்சேரியில் ஒரே ஒரு பாட்டுக்காவது, பாடகரை விட்டுவிட்டு அந்த இருட்டு மூலையைக் கேளுங்கள்.